பதில் வரும் வரை

சென்ற ஆவணி மாதம் எங்கள் ஊரில் ஒரு கலியாண வீடு. தாலிகட்டு முடிந்து பந்தி தொடங்குவதற்கு முன்னுள்ள அந்த இடைவேளையில், மணப்பெண்ணுக்குத் தூரத்து உறவினரான ஒரு முதியவர் என் தங்கையின் அருகே வந்து நின்றார். தங்கையின் பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவள் மகள், அதாவது என் மருமகள், அமர்ந்திருந்தாள். முதியவர் பிள்ளையைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தாயிடம், "பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டார்.

"அவவையே கேளுங்கோ ஐயா, சொல்லுவா" என்றாள் என் தங்கை.

முதியவர் நல்ல மனிதர். குனிந்து, குரலை உயர்த்தி, காது கேளாதவரோடு பேசுவது போல அதே கேள்வியைப் பிள்ளையிடம் கேட்டார். கேட்டுவிட்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்பதை என்னாற் சொல்ல முடியும்; ஏனெனில், இப்படிப்பட்ட வேளைகளில் மனத்துக்குள் எண்ணிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஐந்து வினாடி. பிள்ளையின் தலை ஒரு பக்கம் திரும்பியது, வலக்கை தானாக மேலெழுந்தது, வாய் திறந்தது, கழுத்து நரம்புகள் புடைத்தன. அதனைக் கண்டதும் முதியவர் பதறிப்போய், "பாவம், பிள்ளையைக் கஷ்டப்படுத்தக் கூடாது" என்று அவள் தலையைத் தடவிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். அவர் மண்டபத்தின் நாலாவது தூணைக் கடக்கும்போது, இவள் வாயிலிருந்து தன் பெயரின் முதல் எழுத்துப் புறப்பட்டது. பெயர் முழுவதும் வந்து முடிந்தபோது அதைக் கேட்பதற்கு அங்கே இருந்தவர்கள், அப்பெயரை முன்னரே அறிந்த நாங்கள் இருவர் மட்டுமே.

என் மருமகளுக்கு இப்பொழுது பதினைந்து வயது. அவளுக்குள்ள நிலையை மூளை முடக்குவாதம் என்று வைத்தியர்கள் கூறுவர். பெயரைக் கேட்டதும் மூளையே முடங்கிவிட்டது போலும் என்று எண்ணத் தோன்றுகிறது. இந்தப் பெயரைச் சூட்டியவர்கள் அதனாற் பிள்ளைகளுக்கு விளையும் தீங்கைச் சிறிதும் நினைத்துப் பார்க்கவில்லை என்பதே என் எண்ணம். முடங்குவது உடம்பு, முடக்கத்தின் காரணம் மாத்திரமே மூளையில் இருக்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில், பிறப்பதற்கு முன்னரோ, பிறக்கும் வேளையிலோ, பிறந்து சிறிது காலத்துக்குள்ளோ ஒரு பழுது நேர்ந்துவிடுகிறது. அப்பழுது அசைவை ஆளும் பகுதிகளைத் தாக்குமாயின், கைகால்களுக்குச் செல்லும் கட்டளைகள் தடுமாறிப் போகின்றன. மூளையில் ஏற்பட்ட பழுது மேலும் பரவுவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதுமில்லை. ஆயினும் பிள்ளை வளர வளர, இறுகிய தசை எலும்பின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் மூட்டுகளைக் கோணச் செய்யும். இடுப்பு மூட்டு மெல்ல இடம்பெயர்வதும் உண்டு. அதனைக் காண்பவர் நோய் கூடிவிட்டது என்பர்.

நம்மவர் பலர் இதனை இளம்பிள்ளை வாதத்தோடு மயங்குவதையும் கண்டிருக்கிறேன். இளம்பிள்ளை வாதம் ஒரு கிருமியால் வருவது. முள்ளந்தண்டிலுள்ள நரம்புகளைத் தாக்கிக் காலையோ கையையோ துவளச் செய்வது. சொட்டு மருந்தின் பயனாக, இலங்கையில் 1993ஆம் ஆண்டின் பின் அந்நோய் ஒருவரிடமும் காணப்படவில்லை. மூளை முடக்குவாதத்துக்கு அப்படியொரு சொட்டு மருந்து இல்லை. இதற்குக் காரணமும் ஒன்றன்று, பல. பிறப்புகளை ஒழுங்காகப் பதிந்து வைக்கும் மேனாடுகளிலேயே ஆயிரம் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இருவர் இந்நிலையோடு வாழ்கின்றனர்.

எல்லாரிடமும் அது ஒரே வடிவில் அமைவதில்லை. பத்தில் எட்டுப் பேருக்குத் தசை விறைத்து நிற்கும். அவர்களுட் சிலருக்கு உடம்பின் ஒரு பாதி மட்டும். சிலருக்கு இரு கால்களும் கத்தரிக்கோல் போலக் குறுக்கிட்டு நிற்கும். சிலருக்குக் கைகால் நான்குமே. என் மருமகள் சிறுபான்மை வகையைச் சேர்ந்தவள். அவளது உடம்பு அவள் விருப்பத்தைக் கேளாமலே அசையும். கிண்ணத்தை எடுக்க நினைத்தாற் கை பின்னோக்கிப் போகும். எவ்வளவுக்கு முயல்கிறாளோ அவ்வளவுக்கு உடம்பு எதிர்க்கும். மகிழ்ச்சி, அச்சம், பிறர் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் ஆகிய எல்லாமே அசைவை அதிகப்படுத்தும். ஆகவே, யாரேனும் ஆவலோடு ஒன்றைக் கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த வேளையே, அவளுக்குப் பதில் சொல்லுதற்கு மிகக் கடினமான வேளை. கலியாண வீட்டு முதியவருக்கு இதனை யார் சொல்லியிருப்பார்கள்?

அவள் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். 2010ஆம் ஆண்டு ஆனி மாதம். மாதம் நிறைந்த பிள்ளை. பிரசவ வலி நெடுநேரம் நீடித்தது. பிறந்த பிள்ளை அழவில்லை. தாதியரும் வைத்தியரும் ஓடியாடி மூச்சு வரச்செய்தார்கள். மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. ஆறு மாதமாகியும் தலை நிற்கவில்லை. பின்னர் கொழும்பிலே மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, அசைவை ஒழுங்குபடுத்தும் ஆழ்பகுதிகளிலே பழுது இருப்பது தெரிந்தது.

வைத்தியர் சொன்ன காரணம் இதுவாக இருக்க, வீட்டிலே வேறொரு காரணம் வழங்கலாயிற்று. அந்த ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள், தை 15ஆம் திகதி நண்பகலில், யாழ்ப்பாணத்து வானத்திலே கங்கண சூரிய கிரகணம் தோன்றியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சூரியன் ஒரு பொன் வளையமாக நின்ற காட்சியைப் பார்க்கப் பிற இடங்களிலிருந்தும் பலர் வந்திருந்தனர். என் தங்கை அப்போது நாலு மாதக் கர்ப்பிணி. முற்றத்திற் காயப்போட்ட மிளகாயை அள்ளுவதற்காக வெளியே வந்தாள் என்பது அவள் செய்த குற்றம். அவளுடைய மாமியார் அதைக் கோபத்தோடு சொல்லவில்லை, அழுதுகொண்டு சொன்னார். அதனால் அது ஆழமாகப் பதிந்துவிட்டது. பத்து ஆண்டுகளுக்குப் பின்னரும் என் தங்கை ஒரு நாள் என்னிடம், "அண்ணை, அந்த மிளகாயை விட்டிருக்கலாம்" என்றாள். படித்தவள், கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரி. அன்று வடக்கிலே கர்ப்பிணிகளாயிருந்தோர் எத்தனை பேர், அவர்களுள் வெளியே வந்தோர் எத்தனை பேர், அவர்கள் பெற்ற பிள்ளைகள் ஓடித் திரியவில்லையா என்று நான் கேட்டபோது, எல்லாவற்றுக்கும் தலையசைத்தாள். தலையசைத்துவிட்டு மீண்டும், "விட்டிருக்கலாம்" என்றாள்.

காரணத்தைத் தேடி அறிஞர்களும் நீண்ட காலம் வழக்காடியிருக்கிறார்கள். வில்லியம் ஜோன் லிட்டில் என்னும் ஆங்கிலச் சத்திர வைத்தியர், 1861இல் இலண்டன் மகப்பேற்று வைத்தியர் சங்கத்தின் முன்னே, கடினமான பிரசவமும், மூச்சுத் தடையும், குறைமாதப் பிறப்பும் பிற்காலத்து விறைப்புக்கு மூலமாகின்றன என்று எடுத்துரைத்தார். அவரே சிறுவயது நோயொன்றாற் பாதம் கோணி, ஜெர்மனியிலே சத்திர சிகிச்சை பெற்றுத் தேறியவர். பிற்காலத்தில் உள்ளத்தை ஆராய்ந்து புகழ் பெற்ற சிக்மண்ட் புரொய்ட், தொடக்கத்தில் வியன்னாவிலே பிள்ளைகளின் நரம்பு நோய்களை ஆராய்ந்தவர் என்பது பலர் அறியாதது. அவர் 1897இல் எழுதிய பெருநூலொன்றில் லிட்டிலின் முடிவை ஐயுற்றார். கருவிலேயே ஏதோ ஒரு குறை நேர்ந்திருக்க, கடினமான பிரசவம் அக்குறையின் விளைவாக ஏன் இருத்தலாகாது என்பது அவர் வினா. பல்லாண்டுகள் அவர் வினாவுக்கு யாரும் பெரிதாகச் செவிகொடுக்கவில்லை. இன்று பார்க்கும்போது, பிறக்கும் வேளையில் மூச்சுத் தடைப்பட்டதனால் மட்டும் விளைந்தவை மொத்தத்தில் ஒரு சிறு பங்கே என்று தெளிவாகியிருக்கிறது. குறைமாதப் பிறப்பு, கருப்பையிற் புகுந்த கிருமி, கருவிலிருக்கும்போதே மூளையின் இரத்தக் குழாய் அடைபடுதல், பிறவி மரபின் மாற்றங்கள், பிறந்தபின் வரும் மூளைக்காய்ச்சல் முதலாகப் பல வழிகளால் அது வரும். மூச்சுத் தடைப்பட்டுப் பிறந்த பிள்ளையை ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி மூன்று நாள் உடம்பு குளிர வைத்திருந்தால், மூளைக்கு வரும் கேட்டை ஓரளவு குறைக்கலாம் என்பதும் இப்பொழுது தெரியும். என் மருமகள் பிறந்த வேளையில் அம்முறை மேனாடுகளிலேயே அப்போதுதான் வழக்கிற்கு வந்துகொண்டிருந்தது.

ஒன்றை மாத்திரம் இளந்தாய்மாருக்குச் சொல்லிவைக்க விரும்புகிறேன். பிறந்த பிள்ளைக்குச் செங்கண்மாரி கண்டால், காலை வெயிலிற் காட்டினாற் போதும் என்று வீட்டிலே வைத்திருக்க வேண்டாம். மஞ்சள் அளவுமீறினால் அது மூளையின் அதே ஆழ்பகுதிகளைத் தாக்கி, இதே விதமான அசைவுகளையும் காது கேளாமையையும் உண்டாக்கும். வைத்தியசாலையிலே இரத்தத்தைச் சோதித்து, நீல ஒளியின் கீழே கிடத்தினாற் பெரும்பாலும் தீர்ந்துவிடுவது அது. தடுக்க முடியாத காரணங்கள் பல இருக்கையில், தடுக்கக்கூடிய ஒன்றை விட்டுவிடுவது கொடுமை.

இனி, அந்த வீட்டின் ஒரு நாள்.

என் தங்கை காலை நாலரை மணிக்கு எழுவாள். ஐந்தரைக்குப் பிள்ளையை எழுப்புவதற்கு முன் குசினி வேலை முடிந்துவிட வேண்டும். எழுப்பியதும் இயன்மருத்துவர் காட்டித்தந்தபடி கால்களையும் இடுப்பையும் மெல்ல நீட்டி மடக்க அரைமணி நேரம் செல்லும். முரட்டுத்தனமாக இழுத்தால் தசை இன்னும் இறுகும். பொறுமையாகப் பிடித்திருந்தால் அதுவே தளரும். பின்பு குளிப்பு. உடை மாற்றும்போது விறைப்புக் கூடிய கையை முதலிற் சட்டைக்குள் விட வேண்டும். கழற்றும்போது அக்கையைக் கடைசியாக எடுக்க வேண்டும். இந்தச் சிறு விதியை அறியாமல் நான் ஒருமுறை அவளுக்குச் சட்டை போட முயன்று, இருவரும் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டோம். அதன்பின் பாதங்களுக்கு வார்ப்புக் காலணி. எல்லாம் முடிய ஏழு மணி.

உணவுதான் நாளிலே பெரிய காரியம். நீர்த்த பானமே விழுங்குவதற்கு எளிது என்று நாம் நினைக்கிறோம். அவளுக்கு அஃது எதிர்மாறு. தண்ணீரும் தேத்தண்ணீரும் நாக்கு அறியுமுன் தொண்டைக்குள் ஓடி மூச்சுக் குழாயிற் புகுந்துவிடும். அப்படிப் புகுந்தால் இருமல், பின்னர் சளிக்காய்ச்சல், பின்னர் வைத்தியசாலை. ஆகவே இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து, மசித்து, கூழ்போலாக்கி, அவளை நேராக நிமிர்த்தி இருத்தி, நாடியைச் சற்றுத் தாழ்த்தி, சிறு கரண்டியால் ஊட்ட வேண்டும். ஒரு கரண்டி உள்ளே போனதை உறுதிப்படுத்திய பின்னரே அடுத்தது. இரண்டு இடியப்பத்துக்கு முக்கால் மணி நேரம். ஆறிவிட்டால் அது இறுகிவிடும். மீண்டும் சூடாக்க வேண்டும். ஓயாத அசைவினால் உடம்பு செலவழிக்கும் பலமோ பெரிது. இவ்வளவு பாடுபட்டு ஊட்டியும் அவள் மெலிந்தே இருக்கிறாள். அவள் வாயிலிருந்து வழியும் நீரைக் கண்டு முகஞ் சுளிப்பவருண்டு. வாய்நீர் அவளுக்கு அதிகமாகச் சுரப்பதில்லை. நாமெல்லாம் நினையாமலே அடிக்கடி விழுங்கிவிடுகிறோம். அவளுக்கு ஒவ்வொரு விழுங்கலும் ஒரு வேலை.

சத்தம் அவளுக்குப் பகை. படலை படாரென்று அடித்தாலும், கோயிலில் வெடி கொளுத்தினாலும், உடம்பு முழுவதும் வில்லைப்போல வளைந்துவிடும். பயத்தினால் அன்று, அவளுக்கு வெடி விருப்பம். மூளை அப்படிப் பதில் கொடுக்கிறது.

ஆனால் அவள் உறங்கும்போது போய்ப் பார்க்க வேண்டும். உறக்கம் வந்ததும் அசைவெல்லாம் நின்றுவிடும். கைகள் தளர்ந்து, விரல்கள் விரிந்து, முகம் தெளிந்து கிடக்கும். முதன்முதலாக அந்தக் காட்சியைக் கண்ட இரவு நான் விறாந்தைக்கு வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பகலெல்லாம் அவள் எதனோடு போராடுகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இவ்வளவும் எழுதுகின்ற நான் செய்த தவறு ஒன்றையும் மறைக்காமற் சொல்லிவிட வேண்டும்.

2016ஆம் ஆண்டு, பிள்ளைக்கு ஐந்து வயது கடந்துவிட்டது. தங்கை ஒரு பாடசாலைக்குச் சென்று முதலாம் வகுப்பில் அனுமதி கேட்டாள். மற்றப் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்றும், படிகளில் ஏற்ற ஆளில்லை என்றும், மரியாதையாகவே மறுத்து அனுப்பிவிட்டனர். அங்கவீனமுற்றோரின் உரிமைகளைக் காக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் 1996இலேயே ஆக்கப்பட்டது. பொதுக் கட்டடங்களுக்குச் சாய்வுப் பாதை முதலிய வசதிகள் வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அதே 2016இல் இலங்கை அரசு ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் உறுதிசெய்தது. சட்டங்களுக்கும் அந்தப் பாடசாலையின் மூன்று படிகளுக்கும் இடையே எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை.

தங்கை அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். நான் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். நான் தலையிட்டிருந்தால் ஏதேனும் நடந்திருக்கும். நானோ, விறாந்தையில் பிள்ளை இருக்க, அவள் காதுபட, "இதுக்கு எழுத்துப் படிப்பிச்சு என்ன காணப்போறம்? வருத்தாமல் வீட்டில வைச்சிரு" என்றேன்.

அவளுக்கு என்றுகூட நான் சொல்லவில்லை, இதுக்கு என்றேன். உயர்திணை அஃறிணைப் பாகுபாட்டை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். குழந்தையை அஃறிணையாற் சொல்வது நம் வழக்கில் உண்டு. அன்பினால் வருவது அது. நான் சொன்னது அதுவன்று என்பது எனக்குத் தெரியும். பிள்ளையின் உடம்பு அப்போது வளைந்து திமிறியதையும் கண்டேன். வழக்கமான அசைவு என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், கிறிஸ்டி பிரௌன் என்னும் ஐரிஷ் எழுத்தாளர் தம் வரலாற்றைக் கூறும் நூல் என் கைக்கு வந்தது. 1932இல் டப்ளினிலே ஓர் ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர். தாய் பெற்ற இருபத்திரண்டு பிள்ளைகளுள் தப்பிப் பிழைத்தோர் பதின்மூவர். இவருக்கு என் மருமகளுக்குள்ளது போன்ற நிலைதான். அறிவில்லாத பிள்ளை என்று வைத்தியர்கள் சொல்லியும் தாய் நம்பவில்லை. ஐந்து வயதளவில் ஒரு நாள், தங்கை எழுதிக்கொண்டிருந்த சுண்ணக்கட்டியை இடக்காலின் விரல்களாற் பறித்துத் தரையில் எழுத முயன்றார். அந்தக் காலாலேயே ஓவியம் தீட்டி, நூல்கள் எழுதி, 1981இல் இறந்தார். 1954இல் வெளிவந்த அந்நூலின் பெயரே 'என் இடது கால்' என்பது. 1989இல் அது திரைப்படமாகவும் வந்து உலகெங்கும் பேசப்பட்டது.

இந்த வரலாற்றை எடுத்துரைப்பவர்கள், ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் ஒரு பேரறிஞன் ஒளிந்திருப்பதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஒரு கணக்கின்படி, மூளை முடக்குவாதமுடையோரில் இருவரில் ஒருவருக்கு அறிவு வளர்ச்சியிலும் குறைபாடு உண்டு; நால்வரில் ஒருவருக்கு வலிப்பு; மூவரில் ஒருவருக்கு நடக்க இயலாது; நால்வரில் ஒருவருக்குப் பேச இயலாது. அறிவு குறைந்த பிள்ளைக்கும் பசியும் நோவும் விருப்பும் வெறுப்பும் உண்டு. அவற்றைக் கேட்டறிவதற்கு அது பேரறிஞனாயிருக்க வேண்டியதில்லை. என்னை அந்நூலில் உலுக்கியது வேறு. அந்தத் தாய் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். என் தங்கையும் அப்படித்தான். சமைக்கும்போது மாப்பையின் எழுத்தைக் காட்டுவாள். மூத்தவன் பாடம் படிக்கும்போது இவளையும் பக்கத்தில் இருத்துவாள். பிள்ளைக்கு எல்லாம் விளங்குகிறது என்று அவள் சொன்னபோதெல்லாம், தாய்மார் அப்படித்தான் சொல்வர் என்று நான் நினைத்தேன்.

பேச்சு மொழிச் சிகிச்சையாளர் ஒருவர் முதலில் ஆம், இல்லை என்பதை நிலைப்படுத்தினார். ஆம் என்றால் மேலே பார்க்க வேண்டும். இல்லை என்றாற் கண்களை மூட வேண்டும். அவள் உடம்பிலே அவள் சொற்கேட்டு நடப்பவை கண்கள்தாம். அடுத்தபடியாக எழுத்துப் பலகை. ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்தை ஓர் அட்டையில் எழுதிவிடலாம். தமிழிலோ இருநூற்று நாற்பத்தேழு! எழுத்தெழுத்தாக விரல் வைத்துக் காட்டினால் ஒரு சொல்லுக்குள் பொழுது சாய்ந்துவிடும்.

முப்பது ஆண்டு இலக்கணம் கற்பித்தது எனக்கு அன்றைக்குத்தான் பயன்பட்டது. உயிர்மெய் எழுத்துகளை எழுதவேண்டிய தேவையே இல்லை. மெய்யைக் காட்டி உயிரைக் காட்டினால் உயிர்மெய் பிறந்துவிடும். நாட்காட்டி அட்டையொன்றின் பின்புறத்தில் ஐந்து வரிசைகள் எழுதினேன். வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு, குறில் ஐந்தும் ஆய்தமும், நெடில் ஏழு. முதலில் வரிசைகளின் மேல் விரலை நகர்த்த வேண்டும். அவள் மேலே பார்த்தால் அந்த வரிசை. பின்பு அவ்வரிசையின் எழுத்துகள்மேல் நகர்த்த வேண்டும். மேலே பார்த்தால் அந்த எழுத்து. அவள் கையை யாரும் பிடித்து நடத்துவதில்லை. சொல் பாதியில் இருக்கும்போது நாமாக ஊகித்து முடித்துவிடவும் கூடாது. பின்னையது எனக்கு இன்றும் முழுதாகக் கைவரவில்லை. ஆசிரியர்களின் பிறவிக் குணம் அது.

முதல் நாள் எல்லோரும் சுற்றியிருந்தோம். அம்மா என்று சொல்வாள் என எதிர்பார்த்தோம். தங்கை துவாயைக் கையில் எடுத்து வைத்திருந்தாள், அழுவதற்கு. வல்லினம், முதல் எழுத்து. நெடில், முதல் எழுத்து. இடையினம், மூன்றாம் எழுத்து. க், ஆ, ல். 'கால்' என்றாகியது. சிறிது இளைப்பாறி மீண்டும் தொடங்கினாள். ஒன்பது எழுத்துக்கு நாற்பது நிமிடம் சென்றது. 'கால் நோகுது.'

காலணியைக் கழற்றிப் பார்த்தோம். வலது குதிகாலின் பக்கத்தில், வார்ப்பு அழுத்திய இடத்திலே சதை கன்றிச் சிவந்திருந்தது. ஆறு வாரமாக அவள் காலை வேளைகளில் அழுதாள். காலணி போட விருப்பமில்லாத பிடிவாதம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவுசெய்திருந்தோம். நான் மேலே சொன்ன அதே கணக்கு, மூளை முடக்குவாதமுடையோரில் நால்வரில் மூவர் நோவோடு வாழ்கின்றனர் என்றும் சொல்கிறது. அவர்களுள் எத்தனை பேருக்கு ஒரு பலகை இருக்கிறது?

அதன் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சிறிய பாடசாலையொன்றின் அதிபர் அவளைச் சேர்த்துக்கொண்டார். ஊர் இளைஞர் சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூடை சீமெந்தோடு வந்து படிகளின் மேல் சாய்வுப் பாதை அமைத்துவிட்டனர். பத்து ஆண்டுச் சுற்றறிக்கைகள் செய்யாத வேலை. வகுப்பில் தன்னிலும் இரண்டு வயது இளையவர்களோடு இருக்கிறாள். அவர்கள் பயப்படவில்லை, பலகையை எங்களிலும் விரைவாக வாசிக்கிறார்கள். பரீட்சையில் மேலதிக நேரமும், அவள் காட்டுவதை எழுதித்தர ஒருவரும் வேண்டுமென்று விண்ணப்பிக்க வழியுண்டு. அதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறோம். கண்ணசைவைக் கண்டறிந்து எழுத்தாக்கும் கணினிகளும் இப்போது உண்டு. விலை எங்கள் கைக்கு எட்டாது. இடையிலே, குருத்தணு ஏற்றி நடக்கச் செய்கிறோம் என்று வெளிநாட்டிலிருந்து ஒரு விளம்பரம் வர, என் மைத்துனர் காணியை விற்கத் துணிந்தார். அப்படியொரு குணப்பாடு இன்னும் நிறுவப்படவில்லை என்று இயன்மருத்துவர் தடுத்திருக்காவிட்டால் காணியும் போயிருக்கும். விறைப்பைத் தளர்த்த மருந்துண்டு, ஊசியுண்டு. இடுப்பு மூட்டை ஆண்டுதோறும் படம்பிடித்துக் கவனிக்க வேண்டும். பழுதுபட்ட இடத்தை மீண்டும் புதிதாக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

கலியாண வீட்டிலிருந்து திரும்பிய அன்று இரவு, அந்த முதியவரை நினைத்துக் கோபப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு என் பழைய சொல் நினைவுக்கு வந்தது. அவர் ஐந்து வினாடியேனும் நின்றார். தங்கை குசினியில் இடியப்பம் மசித்துக்கொண்டிருந்தாள். நான் பிள்ளையின் முன்னே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நீ சின்னப் பிள்ளையாய் இருக்கேக்க, இந்த விறாந்தையில நான் ஒரு கதை சொன்னனான். உனக்கு அது விளங்கியிருக்காது..." என்று தொடங்கி, சொன்னதைச் சொல்லி, பிழை என்றும் சொன்னேன். சொல்லிமுடித்துப் பலகையை எடுத்தேன். என் விரல் நடுங்கியது.

வல்லினம், நாலாவது. குறில், நாலாவது. இடையினம், இரண்டாவது. அவள் உடம்பு அன்று வழக்கத்திலும் அதிகமாக அசைந்தது. பல முறை தலை திரும்பிவிட, மீண்டும் முதலிலிருந்து வந்தோம். ஏழு எழுத்து முடிந்தபோது 'தெரியும்' என்று நின்றது.

எனக்கு மேலே ஒன்றும் பேச முடியவில்லை. பலகையை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தேன். குசினி வாசலில் கிண்ணத்தோடு வந்து நின்ற தங்கை, "அண்ணை, பொறுங்கோ. அவ இன்னும் முடிக்கேல்லை" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். பிள்ளையின் கண்கள் என் கையிலிருந்த பலகையின் மேலேயே நின்றன. மறுபடியும் உட்கார்ந்து விரலை நகர்த்தினேன். வல்லினம், இரண்டாவது. குறில், ஐந்தாவது. அடுத்த சொல்லுக்கு அவள் நெடிலுக்குப் போனாள். நான் ஊகிக்காமல், வாய் திறவாமல், ஒன்பதாவது எழுத்து வரும் வரை இருந்தேன்.

'சொதி ஆறுது.'